ஹால்தான் மினி

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழிக்கிறுக்கல். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பது ஐந்தாவதோடு நின்றுவிட்ட எனக்கு இன்றுவரை சந்தேகம். மகளின் பழைய கல்லூரி நோட்டில் மிச்சமிருந்த தாள்களில் எழுதுகிறேன். கோடு போட்ட தாள்தான், இருந்தாலும் என் வரி மேலே ஏறிப் போகிறது. எழுத்துக்கும் பிழைக்கும்தான் இந்த மன்னிப்பு. இதற்குக் கீழே எழுதப்போகிற எதற்கும் மன்னிப்புக் கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை.

மகளின் கல்யாண வரவேற்பில் நான் சண்டை போட்டேன் என்று காசிமேட்டில் ஒரு வருஷமாகப் பேச்சு இருக்கிறது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன் நான். டீக்கடையில் சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்ல வெட்கப்பட்டு, பல வருஷம் பாயசம் மாதிரி டீ குடித்தவன். நான் எங்கே சண்டை போடுவது? நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

அதற்கு முன்னால் மினி என்கிற வார்த்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகள் கொஞ்சம்தான். அதில் இந்த ஒன்றோடு மட்டும் ரொம்ப நாள் பழக்கம்.

நான் ஓட்டுவது மினி லோடு வண்டி. எங்கள் பக்கம் அதைக் குட்டி யானை என்பார்கள். காசிமேட்டில் காலை ஏலம் முடிந்ததும் மீன்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேரையும் அவர்களின் கூடைகளையும் ஏற்றிக்கொண்டு திருவொற்றியூர், எண்ணூர் என்று அங்கங்கே இறக்கிவிடுவேன். மீன் கூடையோடு அவர்களை பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். அதனால்தான் என் வண்டிக்கு வேலை.

ரோட்டில் போகிறவன் கண்ணில் போர்டுகள்தான் படும். மினி பஸ், மினி லாரி, மினி மீல்ஸ், மினி டிபன், மினி இட்லி. மினி என்று முன்னால் ஒட்டினால் சின்னது என்று அர்த்தம், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். போகப்போகத்தான் அதில் இரண்டு ஜாடை இருப்பது தெரிந்தது.

மினி இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அதே மாவு, அதே ஆவி. சாம்பாரில் மிதந்தாலும் ஒவ்வொன்றும் முழுசாக வெந்த வட்டம். பெரிய இட்லியைப் பிய்த்துப் போட்டது இல்லை. மினி மீல்ஸ் அப்படி இல்லை. சாப்பாட்டிலிருந்து வாழை இலையை எடுத்துவிட்டார்கள், அப்பளத்தை எடுத்துவிட்டார்கள், இன்னொரு கரண்டி சோறு கேட்கிற உரிமையையும் எடுத்துவிட்டார்கள். எடுத்ததெல்லாம் போக மிஞ்சியதற்குப் பெயர் மினி. அது சின்னது இல்லை, குறைத்தது.

என் வண்டி இட்லி ஜாதி. நாலு சக்கரம், பிரேக், ஹாரன், பெரிய லாரிக்கு உள்ள அத்தனையும் அதற்கும் உண்டு. பெரிய லாரி நுழையாத சந்திலும் நுழையும். அதனால் அதை யாராவது மினி என்றால் எனக்குக் கோபம் வந்ததில்லை.

சின்னதைச் சொல்ல நம்மிடம் வார்த்தைக்குப் பஞ்சமா? குட்டி என்போம், பொடிசு என்போம். சின்னம்மா என்றால் அம்மாவில் குறைந்தவள் என்று யாரும் நினைப்பதில்லை. என் சின்னம்மா என் அம்மாவைவிட உரக்கத் திட்டுவார், அடியும் கூடுதலாகத்தான் விழும். ஆனால் பெற்ற பிள்ளையை மினி என்று கொஞ்சுகிறவரை எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை. மினி என்பது கொடுக்கிறவர் ஒட்டுகிற பெயர். வாங்குகிறவர் வைத்தது இல்லை. பேச்சு வராதவனுக்கு யோசனை அதிகம். இதெல்லாம் சிக்னலில் நிற்கும்போது யோசித்தது.

மகளுக்குக் காலையில் ராயபுரத்தில் மாதா கோவிலில் கல்யாணம், சாயந்திரம் திருவொற்றியூரில் வரவேற்பு என்று முடிவானது. போன வருஷத் தடைக்காலத்தில். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த இரண்டு மாதத்தில்தான் எங்கள் ஆட்கள் கரையில் இருப்பார்கள். என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, விசைப்படகில் வேலை செய்கிறவன். அவன் இல்லாமல் கல்யாணம் நடக்காது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மண்டபத்தில் மெயின் ஹால் ஒன்று, மினி ஹால் ஒன்று. மேனேஜர் என்னை முன்வாசல் வழியாக அழைத்துப்போய், மெயின் ஹாலைக் கடந்து, மாடிப்படி ஏறி மினி ஹாலைக் காட்டினார். சின்ன மேடை, ஏசி, சுத்தமான தரை, பெண் உடுத்திக்கொள்ள ஒரு அறை. மினி இட்லி என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஆட்கள் எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வந்த வழிதானே வழி என்று இருந்துவிட்டேன். கேட்டிருக்க வேண்டும். கூச்சம். அது என் தப்பு, மறைக்கவில்லை.

பத்திரிகை அடிக்கும்போதே என் மனைவிக்கு உறுத்தியது. ராயபுரம் கல்மண்டபம் பக்கம் அச்சகம் வைத்திருக்கிறவர் மண்டபத்தின் பெயருக்குப் பக்கத்தில் மினி ஹால் என்று போட்டிருந்தார்.

"அத்த எடுத்துடுங்க. ஊரே பாக்குற பத்திரிகைல மினி இன்னாத்துக்கு?" என்றாள் மனைவி.

"போடலன்னா உங்க ஜனம் மெயின் ஹால்ல போய் குந்திக்கும்மா."

"குந்திக்கினா குந்திக்கட்டும். சேரு இன்னா தேஞ்சா பூடும்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். மினி அச்சாகிவிட்டது.

மச்சான் ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். வரவேற்பு மேடையில் பெண் உடுத்துவது தாய்மாமன் கொண்டுவரும் பட்டு. அது எங்கள் குடும்பத்தில் மாறாத வழக்கம். தெருவிலிருந்து பேண்டு வாத்தியத்தோடு தட்டுத் தட்டாகச் சீர் வரும். பெண்ணின் அப்பா வாசலில் நின்று கும்பிட்டு அழைக்க வேண்டும். அந்தப் பட்டு வந்து சேராமல் பெண் மேடை ஏற மாட்டாள். மச்சான் வீட்டில் இன்னொரு பழக்கமும் உண்டு. சீரில் ஒரு தட்டு மீன் இருக்கும்.

காலையில் கோவிலில் கல்யாணம் முடிந்து, அன்று சாயந்திரம் நாலு மணிக்கு வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். முன்வாசலில் ஆள் உயரத்துக்கு மேல் பூவால் வளைவு கட்டியிருந்தார்கள். அதன் உச்சியில் வெள்ளை தெர்மாகோலில் மெயின் ஹால் மாப்பிள்ளை பெண்ணின் பெயர்கள். மேனேஜர் கையை நீட்டி என் வண்டியை நிறுத்தினார்.

"நீங்க மினி ஹால்தானே? பின்னாடி வாங்க. மெயின் ஹால் பார்ட்டி பெரிய இடம். முன்வாசல் இன்னிக்கு அவங்களுக்கு மட்டும்தான்."

நான் தலையாட்டிவிட்டு வண்டியைத் திருப்பினேன். பின்பக்கம் ஒரு சந்து. சமையல்கட்டில் பாத்திரம் கழுவிய தண்ணீர் அங்கேதான் ஓடியது. எச்சில் இலை டிரம் இரண்டு. அவற்றைத் தாண்டி ஒரு இரும்புப் படி. ஒரு நிமிஷம் அந்தப் படியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மினி ஹாலில் எதை எடுத்துவிட்டார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. வாசலை எடுத்துவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் மனைவியும் மகளும் ஆட்டோவில் வந்தார்கள். மகள் புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கம்பியைப் பிடித்து, அந்தப் படியில் ஏறினாள். அவளும் என்னை மாதிரிதான், வாய் திறக்க மாட்டாள். மனைவி மட்டும் கீழேயே நின்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"கலீஜா கீது. இந்த வழியா என் தம்பி சீர் எட்துகினு வரமாட்டான். எழுதி வெச்சிக்கோ."

"நான் சொல்லிப் பாக்குறேன்."

"நீயா? சொல்லப்போறியா?" என்று சிரித்துவிட்டு மேலே போனாள். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

ஐந்தரைக்குப் பேண்டு சத்தம் கேட்டது. ரோட்டுக்கு ஓடினேன். மச்சான் பட்டு வேட்டியில், இரண்டு கையாலும் பட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தான். அவனுக்குப் பின்னால் தட்டுகள் ஏந்தி வந்தவர்கள் யார் என்று பார்த்தால், என் வண்டியில் தினமும் வருகிற மீன்காரப் பெண்கள். நாங்களே தூக்குகிறோம் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்களாம். காலையில் செதில் ஒட்டிய கையோடு பார்க்கிற முகங்கள், அன்று தலை நிறைய மல்லிப்பூவும் பட்டுப்புடவையுமாக அடையாளமே தெரியவில்லை. எல்லாருக்கும் மூத்தவரை நாங்கள் பெரியக்கா என்போம். வண்டியில் முன் சீட்டு அவருடையது. மீன் தட்டு அவர் தலையில் இருந்தது. முழு வஞ்சிரம், ஐஸ் கட்டிமேல் படுக்கவைத்து, கழுத்தில் ரோஜாமாலை.

நான் மச்சானின் காதுக்குப் பக்கத்தில் போய்ச் சொன்னேன். "மச்சான், கொஞ்சம் பின்னாடி சுத்தி வரணும்."

பேண்டுக்காரர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கடைசியாக டிரம்பெட் நின்றது.

"இன்னா மாமா சொல்ற? பின்னாடின்னா?"

"முன்வாசல் இன்னிக்கு மெயின் ஹால்காரங்களுக்காம்."

அவன் வளைவைப் பார்த்தான். வாசலில் கை கட்டி நின்ற மேனேஜரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"மாமா, பங்களா வூட்டுக்கு மீன் எட்துகினு போனா பின்னாடி வா இன்றான். எங்க அம்மாவும் அப்டித்தான் போச்சு, நானும் அப்டித்தான் போனேன். அது பொழப்பு, ஒண்ணும் சொல்லல. இன்னிக்கு நான் மீன் விக்க வர்ல மாமா. தாய்மாமனா வந்துகீறேன்."

"பொண்ணு காத்துகினு கீறா மச்சான்."

"எனுக்குத் தெரியும். பின்வாசல்னா இந்தப் பட்டு வராது. நான் திரும்பிப் பூட்றேன். நீ கடைல ஒண்ணு வாங்கிக் கட்டிக்கோ."

அவன் மிரட்டவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது. மிரட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஏழு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுவார்கள். மேலே மகள் முகத்துக்குப் பவுடர் எல்லாம் போட்டு, தலையில் பூ வைத்து, மாமன் பட்டுக்காகப் பழைய புடவையில் உட்கார்ந்திருந்தாள். அவன் திரும்பிப் போனால் அவள் மேடை ஏற மாட்டாள். வேறு புடவையில் ஏறினாலும் அது ஏறினதாக ஆகாது. ஆயுசுக்கும் ஊர் அதைச் சொல்லும்.

அந்த நேரம் பார்த்து துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி ஒன்று எங்களைக் கடந்தது. ரோடு அதிர்ந்தது. லாரி போகட்டும் என்று ரோட்டோரம் நின்றேன்.

பேச எனக்கு வராது என்று தெரியும். மேனேஜரிடம் போய் என்ன சொல்வது? ஆனால் பெண்ணின் அப்பா எங்கே நிற்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதற்குப் பேச்சு தேவையில்லை. ரோட்டைத் தாண்டினேன். மேனேஜருக்குப் பக்கவாட்டில் புகுந்து, பூ வளைவுக்கு நேர் கீழே போய் நின்றேன். ரோட்டைப் பார்த்துத் திரும்பினேன். இரண்டு கையையும் கூப்பி, தொண்டை கிழியக் கத்தினேன்.

"வா மச்சான்! வாங்க எல்லாரும்!"

அன்று நான் போட்ட சத்தம் அது ஒன்றுதான். அதைத்தான் ஊர் சண்டை என்கிறது.

டிரம்பெட்காரர் யாரையும் கேட்கவில்லை. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஆரம்பித்துவிட்டார். மச்சான் நடந்தான். அவனுக்குப் பின்னால் தட்டுகள் எல்லாம் நடந்தன.

"சார், சார், இன்னா பண்றீங்க? பின்னாடின்னு சொன்னேன்ல?" என்று மேனேஜர் என் தோளைத் தொட்டார். நான் கூப்பிய கையை எடுக்கவில்லை.

அப்போது யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. வாசலில் பன்னீர்ச் செம்போடு இரண்டு பெண்பிள்ளைகள் நின்றிருந்தார்கள். மெயின் ஹால் வீட்டுப் பிள்ளைகள். பேண்டு வருகிறது, சீர் வருகிறது, முன்னால் ஒருவர் கும்பிட்டு நிற்கிறார். தங்கள் வீட்டுச் சீர் என்றே நினைத்துவிட்டார்கள். மச்சான்மேல் பன்னீர் தெளித்தார்கள். பெரியக்காமேல் தெளித்தார்கள். சந்தனக் கிண்ணத்தை நீட்டி, ஆளுக்கொரு கல்கண்டும் கொடுத்தார்கள். வஞ்சிரத்தின்மேலும் ரெண்டு சொட்டு விழுந்தது.

பேண்டுச் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து மெயின் ஹால் பெண்ணின் அப்பா வேகமாக வெளியே வந்தார். பட்டுச் சட்டை, கழுத்தில் செயின். கும்பிடப் போனவர் மீனைப் பார்த்ததும் பாதியில் நின்றுவிட்டார்.

"இது யார் வீட்டுச் சீர்?"

"இவங்க மினி ஹால் சார்," என்றார் மேனேஜர். ஏதோ அழுக்குத் துணியைக் காட்டுவது மாதிரி சொன்னார். "இவங்களைப் பின்னாடி போகச் சொல்லிட்டேன் சார்."

"பன்னீர் தெளிச்சிட்டீங்களே நைனா," என்றார் பெரியக்கா, கல்கண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு. "இனிமே எப்டி எங்களப் பின்னாடி அனுப்புவீங்க? சந்தனம் வேற வெச்சிகினோம்."

தட்டு ஏந்திய பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். பன்னீர் தெளித்த பிள்ளைகளில் ஒன்றும் சிரித்துவிட்டது. மெயின் ஹால் பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எல்லாரும் காத்திருப்பது தெரிந்தது. காது சூடானது. எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது, வந்துவிட்டது.

"ஹாலுதான் சார் மினி. கல்யாணம் ஃபுல்லு."

அன்று அவரும் ஒரு பெண்ணுக்கு அப்பா. அதனால் மனசு இளகிக் கட்டிப்பிடித்தார் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. "சீக்கிரம் போங்க. எங்க கெஸ்ட் வர்ற நேரம்," என்று சொல்லி ஒதுங்கி வழிவிட்டார். எங்களுக்கு அது போதும். வழிதான் கேட்டோம், உறவு கேட்கவில்லை.

மச்சான் பட்டுத் தட்டோடு கண்ணாடிக் கதவைத் தாண்டி, மெயின் ஹால் நடுவில் விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தின்மேல் நடந்து, படி ஏறினான். பேண்டும் கூடவே ஏறியது. மேலே கதவைத் திறந்த மனைவி தம்பியைப் பார்த்தாள், அவன் வந்த படியைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"யாருய்யா பேசுனது?"

"மாமாதான் பேசுச்சு," என்றான் மச்சான்.

"போடா டேய்," என்றாள் அவள். நம்பவே இல்லை.

மேனேஜர் சும்மா இருக்கவில்லை. மினி ஹால் ஏசியை நிறுத்திவிட்டார். ரிப்பேர் என்றார். மே மாதப் புழுக்கம். ஜன்னல்களை எல்லாம் திறந்தோம். கடல் காற்று வந்தது, கூடவே லாரிச் சத்தமும் வந்தது. எல்லாருக்கும் வேர்த்து ஊற்றியது. ஆனால் ஒருவரும் சீக்கிரம் கிளம்பவில்லை. ஏழு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது நான் மறுபடி அந்த வளைவுக்குக் கீழே நின்றேன். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு விருந்தாளிக்கும் நின்றேன். மேனேஜர் பத்தடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். முறைக்கட்டும் என்று இருந்தேன். பக்கத்தில் அந்தப் பன்னீர்ப் பிள்ளைகள் இருந்தார்கள். தெரிந்தேதான் எங்கள் ஆட்கள்மேலும் தெளித்தார்கள் என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது மகள் என் கையைத் தொட்டாள். மாமன் பட்டு, அரக்குச் சிவப்பு.

"அப்பா, கீழ முன்வாசல்ல ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

அதுவரை அவள் என்னிடம் இது வேண்டும் என்று கேட்டது குறைவு. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இறங்கினோம். வளைவுக்குக் கீழே இரண்டு பேரும் நின்றார்கள். போட்டோகிராபர் மேலே பார்த்துத் தயங்கினார். "வேற பேரு கீதேம்மா?"

"இருக்கட்டும். எடுங்க," என்றாள் என் மகள்.

அந்தப் படம்தான் எங்கள் வீட்டுக் கூடத்தில் பெரிதாக மாட்டியிருக்கிறது. தலைக்கு மேல் யாரோ இரண்டு பேரின் பெயர்கள், நடுவில் ஒரு இதயம். வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். "பேரு அவங்கள்து. வாசப்படி எங்கள்து," என்பாள் என் மனைவி. நான் பக்கத்தில் இருந்தால் என்னையும் ஒரு பார்வை பார்ப்பாள்.

இப்போது மறுபடி தடைக்காலம். வண்டிக்கு ஓட்டம் பாதிதான். அதனால்தான் எழுத முடிந்தது. நேற்று பெரியக்கா வீட்டுக்கு வந்தார். மகனுக்கு நிச்சயமாகியிருக்கிறது. ஹால் பார்க்கப் போகிறார், அதே மண்டபம், அதே மினி ஹால். அவர் கைக்கு அதுதான் எட்டும். என்னையும் கூட வரச் சொன்னார்.

"நான் வந்து இன்னா பேசப்போறேன் அக்கா?"

"உன்ன யாரு பேசச் சொன்னது? வாசல்ல நில்லு, போதும்."

நாளைக் காலை போகிறோம். மேனேஜர் என்னை மறந்திருக்க மாட்டார். மறக்காமல் இருந்தால் நல்லது. முதல் வேலையாக வாசலைக் கேட்டுவிடுவேன்.

2025 மே 20, செவ்வாய்க்கிழமை.